புகையே இல்லாமல் வரும் கரியமில வாயு

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை கூட இருக்காது. அதை எரித்தால் வெளியே வரும் கரியமில வாயு ஏறக்குறைய 2.3 கிலோ. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் (எடை 12) காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை (32) இழுத்துக்கொள்கிறது, அதனால் 12 போன இடத்தில் 44 வருகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. டேங்கில் ஊற்றியதைப் போல மூன்று மடங்கு எடையை வழியெல்லாம் விட்டுக்கொண்டே போகிறோம், கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

கண்ணுக்குத் தெரிவதை நம்பினால் ஏமாந்துதான் போவோம். அனல் மின் நிலையம் பற்றிய செய்தி என்றாலே இடுப்பு சிறுத்த பெரிய குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பும் படத்தைப் போடுகிறார்கள். அது வெறும் நீராவி. நிலக்கரி எரிந்த வாயு பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் ஒல்லியான புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று உறுத்தும்: நிலக்கரியில் இருந்த ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதியில் பெரும்பகுதி வெறும் சூடாக அங்கேதான் கொட்டப்படுகிறது.

சரி, எரிப்பதை நிறுத்திவிட்டால் போதுமா? சிமெண்ட்டைப் பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் உயிர்கள் ஓடுகளாகக் கட்டிவைத்த கார்பன்தான் பெரும்பாலான சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லைச் சூளையில் சுடும்போது 100 கிலோ சுத்தமான கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிலோ கரியமில வாயுவாகவும் பிரிகிறது. அப்புறம் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சூடாக்கினால்தான் கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமெண்ட்டாகும் கட்டிகள். சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்த 44 கிலோ வந்தே தீரும், ஏனென்றால் அது கல்லுக்குள்ளிருந்து வருகிறது. சிமெண்ட் தயாரிப்பில் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படித்தான் வருகிறது, எரிபொருளின் பங்கு மீதிதான். மனிதர்களால் வெளியேறும் மொத்தத்தில் சிமெண்ட் 7, 8 சதவீதம். கட்டிய சுவர் காற்றிலிருந்து கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சும் என்பது உண்மை, ஆனால் அது பல ஆண்டுகளாக மெதுவாக நடக்கிற காரியம்.

உரமும் இந்த வகைதான். உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கும்போது கரியமில வாயு மிஞ்சுகிறது, நல்ல சுத்தமாகவும் கிடைக்கிறது. அதைப் பிடித்துச் சோடா தயாரிப்பவர்களுக்கு விற்கிறார்கள். 2021 செப்டம்பரில் எரிவாயு விலை எகிறியதால் பிரிட்டனில் இரண்டு உர ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின, உடனே குளிர்பானத்துக்கும் இறைச்சித் தொழிலுக்கும் கரியமில வாயு தட்டுப்பாடு வந்து, கடைசியில் அரசே பணம் கொடுத்து ஆலையை ஓட வைக்க வேண்டியிருந்தது. உலகமே குறைக்கப் பாடுபடும் ஒரு வாயு போதவில்லை என்று ஒரு நாடு தவித்தது! ஒரு ஆலையின் கழிவு இன்னொன்றின் மூலப்பொருளாக ஆகிவிட்டால் இரண்டையும் பிரித்து எடுப்பது லேசில்லை.

நிலக்கரியிலும் இதே பிணைப்புதான். எரிந்தபின் மிஞ்சும் மெல்லிய சாம்பலைச் சிமெண்ட்டில் கலக்கிறார்கள், அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம். இரும்பு உலையின் கசடும் அப்படியே போகிறது. புகையிலுள்ள கந்தகத்தைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவினால் ஜிப்சம் கிடைக்கிறது, அது சுவர்ப் பலகையாகிறது (கழுவும்போதும் அந்தக் கல்லிலிருந்து கொஞ்சம் கரியமில வாயு கிளம்பும், இதை யாரும் பேசுவதில்லை). நிலக்கரி நிலையங்களை மூடத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூட மூடச் சாம்பல் வரத்தும் குறையும், அந்த இடத்தை மறுபடி கிளிங்கர் பிடித்துக்கொண்டால் ஒரு பக்கம் மிச்சப்படுத்தியதில் கொஞ்சம் இன்னொரு பக்கம் போய்விடும்.

அதனால்தான் சுட்ட களிமண் கலந்த சிமெண்ட் பற்றி எது வந்தாலும் விடாமல் படிக்கிறேன். கிளிங்கரில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் போடுகிறார்கள். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவு சூடு போதும், அதற்குள்ளிருந்து வெளியேறுவதும் தண்ணீர்தான்.