தமிழையா அச்சிட்ட நாவல்கள்

காரைக்குடியில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஐயா ஒரு நாவலாசிரியர் என்பது, இம்மலரைப் படிக்கும் பிற்கால மாணவர்கள் பலருக்குத் தெரிந்திராது. மூன்று நாவல்களையும் அவரே காகிதம் வாங்கி, அச்சகம் தேடி, தம் வீட்டு முகவரியிலேயே வெளியிட்டார். சக்தி வை. கோவிந்தனையும் வானதி திருநாவுக்கரசையும் பதிப்புலகுக்குத் தந்த செட்டிநாட்டில் இருந்துகொண்டு ஏன் ஒரு பதிப்பாளரை அணுகவில்லை என்று கேட்டேன். “என் பெயர் போட்ட புத்தகத்தில் பிழை இருந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், தம்பி” என்றார்.

விடுமுறை நாள்களில் கோட்டையூருக்குச் சென்று, ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்களைப் படித்துக் குறிப்பெடுப்பார். அவருடைய இரண்டாம் நாவல், கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, பர்மா சென்ற கணவரின் கடிதத்துக்காக வீட்டின் உள்முற்றமான வளவில் காத்திருக்கும் ஓர் ஆச்சியின் கதை. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் வசம் இருந்ததும், 1942 ஜப்பானியப் படையெடுப்பிலும் 1948 நில தேசியமயச் சட்டத்திலும் அது கைவிட்டுப் போனதும் அந்த வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதையே அவர் எழுதினார்.

அச்சு வேலையில்தான் அவரை நான் முழுமையாக அறிந்தேன். அச்சகத்தில் ஈய எழுத்து குறைவு. 16 பக்கம் கொண்ட ஒரு பாரம் அச்சானதும், எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டால்தான் அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். பிரித்தபின் எதையும் மாற்ற வழியில்லை. ஆகவே மாலைகளில் முகப்பில் அமர்ந்து நான் கையெழுத்துப் படியை உரக்க வாசிக்க, மை காயாத புரூப்பில் (திருத்தப் படியில்) அவர் வரி வரியாக விரலை நகர்த்துவார். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் அடியிலுள்ள சிறு வளைவே வேறுபாடு, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் மாற்றிக் கோத்த இடங்கள் என் கண்ணுக்குத் தப்பும், அவருக்குத் தப்பாது. வாசிக்கும்போது என் நாக்கு இடறிய வாக்கியத்தையும் அங்கேயே அடித்துவிட்டு மாற்றி எழுதுவார். ஒருவர் எழுதக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த வகுப்பறை இருந்திருக்க முடியாது.

விற்பனைக்கு அவர் கடைகளை நம்பியதில்லை. மணிவிழா வீடுகளில் தாம்பூலத்தோடு வழங்க மொத்தமாக வாங்கினார்கள், வெளியூர்களுக்கு, பெறுபவர் அஞ்சல்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வி.பி.பி.யில் அனுப்பினார்.

இன்று சிங்கப்பூரில் என் நாவல்களை நானே வெளியிடுகிறேன். கணினியில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், வேண்டிய படிகளை மட்டும் அச்சிடலாம் என்றாலும், யாரையேனும் வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் எந்த அத்தியாயத்தையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.

1992 இல் ரோஜா முத்தையா செட்டியார் மறைந்தபின், அவருடைய சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அது 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகக் காக்கப்படுகிறது. ஐயாவின் நாவல்களில் முதலாவது மட்டுமே என்னிடம் உள்ளது. மற்ற இரண்டும் எவர் வீட்டிலேனும் இருந்தால் மலர்க் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். மறுபதிப்புச் செலவை ஏற்க நானும் வகுப்புத் தோழர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.