கேம் பாய் அட்வான்ஸ் புராஜெக்ட் வைவா: பதில் சொல்வது எந்தக் கம்பைலர்?

நேற்று மதிப்பெண் வந்தது. தேறிவிட்டேன், மதிப்பெண்ணும் மோசமில்லை. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. கேம் பாய் அட்வான்ஸ் என்ற நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவிக்கு நான் எழுதிய விளையாட்டை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) பார்த்த நேரத்தைவிட, நான் டெர்மினலில் பிழைச்செய்தி படிப்பதைப் பார்த்த நேரம்தான் அதிகம். லேப் கணினியிலேயே பில்ட் செய்து காட்டச் சொல்லும் துறையில் நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

வீட்டில் ஓடிய அதே மேக்ஃபைல் (பில்ட் படிகளை ‘மேக்’ கட்டளைக்குச் சொல்லும் கோப்பு), லேபில் ‘ஜிபிஏ.ஸ்பெக்ஸ் கோப்பைப் படிக்க முடியவில்லை’ என்று நின்றது. கோப்போ டெவ்கிட்ஆர்ம் (கேம் பாய் அட்வான்ஸுக்கு நிரலை உருவாக்கும் கம்பைலரும் துணைக் கருவிகளும் அடங்கிய, டெவ்கிட்புரோ குழுவின் தொகுப்பு) கோப்புறைக்குள் பத்திரமாக இருந்தது. இந்த இடத்தில் எல்லோரும் மறுபடி இன்ஸ்டால் செய்யத் தொடங்குவார்கள். செய்யாதீர்கள். எம்பெடட் பாடத்துக்காக உபுண்டு லினக்ஸ் தரும் ஆர்ம் ஜிசிசி கம்பைலரை யாரோ ஏற்கெனவே லேப் கணினியில் போட்டிருந்தார்கள். இரண்டு கம்பைலருக்கும் ஒரே பெயர். பாத் (கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறையில் தேடுவது என்ற பட்டியல்) வரிசையில் எது முன்னால் நிற்கிறதோ அதுதான் பதில் சொல்லும். உபுண்டுவினுடையதற்கு கேம் பாய் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டெவ்கிட்புரோ தரும் மாதிரி மேக்ஃபைல்கள் தங்கள் கோப்புறையைத் தாங்களே பாத்தின் முன்னால் வைத்துக்கொள்ளும். என்னைப் போல மேக்ஃபைலைக் கையால் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனவே எந்தப் பிழை வந்தாலும் முதல் வேலை, ‘விச்’ கட்டளை கொடுத்து எந்தக் கம்பைலர் ஓடுகிறது என்று பார்ப்பது. சோர்ஸ் கோடைத் தொடுவதும் நண்பனை அழைப்பதும் அதற்குப் பிறகுதான். என் சுபாவம் தனியாக உட்கார்ந்து படிப்பது. குழுவாக வேலை செய்பவர்களுக்கு இது கொஞ்சம் வறட்சியாகத் தோன்றலாம்.

மற்றவை, வந்த வரிசையில்:

- டெவ்கிட்ஆர்ம் சூழல் மாறியை அமைக்கச் சொல்லும் செய்தி: லினக்ஸில் இன்ஸ்டால் முடிந்ததும் ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகும் வந்தால், ‘சுடோ’ போட்டு மேக் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். சுடோ பொதுவாக உங்கள் மாறிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும்.
- கோப்புறைப் பெயரில் இடைவெளி கூடாது. மேக் அதை இரண்டு பெயராகப் படித்துவிட்டு, இல்லாத கோப்பைத் தேடும்.
- ‘செபரேட்டர் இல்லை’ என்றால், மேக்ஃபைலில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் எடிட்டர் இடைவெளிகளைப் போட்டிருக்கிறது.
- பழைய பாடங்களின் சோர்ஸ் கோடு இன்று உடைவது உங்கள் குற்றமில்லை. பல கோப்புகள் சேர்க்கும் ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’ என்ற சொல் இல்லாமல் அறிவித்த மாறியை, 2020இல் வந்த ஜிசிசி 10 முதல், லிங்க்கர் (பகுதிகளை ஒரே நிரலாக இணைப்பது) ‘பலமுறை வரையறுக்கப்பட்டது’ என்று மறுக்கிறது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது 2024இன் ஜிசிசி 14 முதல் எச்சரிக்கை அல்ல, பிழை.
- லிப்ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸுக்கான லைப்ரரி) ஃபங்ஷன்கள் ‘கிடைக்கவில்லை’ என்றால், லிங்க் வரியில் லைப்ரரி உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வருகிறதா என்று பாருங்கள்.

ஐடபிள்யூரேம் (கருவியின் சிப்புக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) நிரம்பி வழிகிறது என்ற செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வைக்கு செட்டப் கோளாறு போலிருக்கும், ஆனால் இல்லை. அந்த நினைவகம் 32 கேபிதான். 240×160 திரையை நிரப்பும் 16 பிட் படம் ஒன்றே 76,800 பைட். படத்தின் அரேக்கு முன்னால் ‘கான்ஸ்ட்’ போடாவிட்டால் லிங்க்கர் அதை ஐடபிள்யூரேமில் திணிக்கப் பார்க்கும். போட்டால் கார்ட்ரிட்ஜின் ரோமிலேயே இருக்கும். எக்ஸ்டர்னல் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி இதுதான். மெமரி மேப்பை வரைந்து விளக்கினேன். மதிப்பெண் அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

கணினியிலேயே கருவியைப் போல நடிக்கும் எம்ஜிபிஏ எமுலேட்டரில் ஓடிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். உண்மையான கருவியின் பயோஸ் ரோம் தலைப்பிலுள்ள லோகோவையும் செக்சம்மையும் (சரிபார்ப்பு எண்) சரிபார்க்கும். தவறென்றால் அங்கேயே நின்றுவிடும். எமுலேட்டர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பில்டின் கடைசிப் படியில் அந்தத் தலைப்பைச் சரிசெய்யும் ஜிபிஏஃபிக்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டர்னல் தன் பையிலிருந்து பழைய கருவியையும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜையும் எடுத்து மேஜையில் வைக்கக்கூடும். எங்களுக்கு வந்தவர் வைத்தார்.