ஐப்பசி மழையும் ஜூன் இரண்டாம் தேதியும்

"எக்ஸ்ரே வந்துடுச்சும்மா, இனிமே அது வேண்டாம்." 18 வயது நிறையாதவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில், மகனுக்கு 18 ஆகிவிட்டதா என்ற விசாரணையில் அந்தத் தாய்க்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். அவர் கேட்டது: "ஆஸ்பத்திரியில எழுதுன நோட்டு இருக்குமே சார், அதப் பாக்கலையா?"

செல்போன் பறிப்பு வழக்கு, 2023 ஆகஸ்ட். பையன் எட்டாம் வகுப்போடு நின்றவன். கையில் இருந்தது பள்ளி மாற்றுச் சான்றிதழான டி.சி. மட்டும், அதில் பிறந்த தேதி 2.6.2005. அதன்படி சம்பவத்தன்று 18 முடிந்து இரண்டு மாதம். தாய் சொன்ன கணக்கு வேறு: சுனாமி வந்த மறு வருஷம், ஐப்பசி அடைமழையில் பிறந்தவன். அப்படியானால் 18-க்கு இரண்டு மூன்று மாதம் குறைகிறது.

டி.சி.யில் ஜூன் முதல் வாரத்துத் தேதியைக் கண்டாலே இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் தட்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டும். நாலரை வயதுப் பிள்ளையோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத தலைமையாசிரியர் போடும் தேதி அது. (நம்மில் பாதிப் பேர் அப்படிப் பிறந்தவர்கள்தானே.) டி.சி.யை வயதுச் சான்றாக ஏற்க முடியாது என்று தமிழ்நாட்டுப் போக்சோ வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 2023 ஜூலையில்தான்.

வயதை முடிவு செய்ய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வைத்திருப்பது மூன்று படி. முதலில் பள்ளி தரும் பிறப்புத் தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோதுதான் எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை. உத்தரவிட்ட 15 நாளில் முடிக்க வேண்டும்.

சறுக்கியது இரண்டாம் படியில். பிறப்புப் பதிவேட்டில் 'பதிவு இல்லை' என்று ஒரு வரி அறிக்கை வந்தது. பையன் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். பிறந்த கையோடு பதியும்போது பெயர் ஏது? அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். பிறகு யாராவது மனுக் கொடுத்தால்தான் பெயர் ஏறும். தாய், தந்தை பெயரையும் மாதத்தையும் வைத்துத் தேட வேண்டும். அதுவும் குடியிருக்கும் ஊரில் அல்ல, பிரசவம் நடந்த ஊரில். தலைப்பிரசவமென்றால் பெரும்பாலும் தாய்வீட்டுப் பக்கம். இது தெரியாமல் போகவில்லை. அறிக்கையைப் படித்தபோதே குழுமத்துக்குத் தெரிந்தது.

அதற்குள் எக்ஸ்ரே வந்துவிட்டது. முழங்கையில் எலும்பு முனை ஒட்டிவிட்டது, மணிக்கட்டில் கோடு இன்னும் தெரிகிறது, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஒட்டவில்லை. 17-க்கு மேல் 19-க்குள் என்றார் மருத்துவர். குறைந்த பக்கமாக ஓராண்டு சலுகை தரலாம் என்று பழைய சட்டத்தின் 2007 விதிகளில் எழுதியே இருந்தது. இப்போதைய சட்டத்தில் அந்த வரி இல்லை. ஆனாலும் சந்தேகத்தின் பலன் பையனுக்கே போகும், போயிற்று.

கையில் சாதகமான எக்ஸ்ரே இருக்க, பாதகமாகவும் முடியக்கூடிய பதிவேட்டை எதற்குத் தோண்டுவது? அன்றைக்குத் தோன்றிய நியாயம் இது. தாயின் ஐப்பசி ஒரு வருஷம் முன்னதாக இருந்தால் பையன் சிறைக்கல்லவா போவான். ஆனால் போனைப் பறிகொடுத்து விழுந்து கை ஒடிந்தவர் மேல்முறையீடு போனால், முதலில் இடிப்பது இந்த இரண்டாம் படியைத்தான். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தேடாமல் விட்டது பையனுக்காகவா, இன்னொரு வாய்தா போடும் அலுப்பா என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் கலந்தே வருகிறது.

94(3)இன்படி, குழுமம் எழுதிய வயதுதான் இனி அந்தச் சட்டத்துக்கு அவனுடைய உண்மையான வயது. அதை எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று அந்தத் தாய் சொல்ல ஆரம்பித்தபோது அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.