மாமியின்ர தூளும் எங்கட ஆகஸ்ட் லீவும்

ஆகஸ்ட் 7

பள்ளிக்கூடம் இண்டைக்கு விட்டாச்சு. மூத்தவன் பையைக் கதிரையில எறிஞ்ச கையோட எப்ப சாவகச்சேரிக்கு, மாமி வீட்டுக்கு, எண்டு தொடங்கினவன், நாளைக்கு இரவு பஸ் எண்டு எத்தினை தரம் சொல்லியும் விடுறானில்லை. சின்னவளுக்கு மூண்டரை வயசு, போனமுறை போன ஞாபகம் இருக்காது, அண்ணன் துள்ளுறான் எண்டு அவளும் துள்ளுறாள். வெள்ளவத்தையில ரெண்டாம் மாடியில ரெண்டு அறைக்குள்ள வளருற பிள்ளையள், முத்தமும் கிணறும் ஏறுறதுக்கு ஒரு கொய்யா மரமும் கிடைச்சால் பிறகு எங்களைத் தேடவே மாட்டுதுகள்.

இந்தமுறை எங்களுக்கும் அங்க ஒரு வேலை இருக்கு. மாமியின்ர மிளகாய்த்தூள். நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் தொடக்கம் மாமி தந்துவிடுற தூளில பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம், மேல்மாடி அன்ரிக்குக் கொஞ்சம், இவற்ற ஒஃபிஸ்ல ரெண்டு பேருக்குக் கொஞ்சம் எண்டு பங்கு போகும். போன மாசம் மேல்மாடி அன்ரி காசை நீட்டினா, நான் வேண்டாம் எண்டன், "சும்மா தந்தால் நான் எத்தினை தரம் வாய்விட்டுக் கேக்கிறது பிள்ளை, விலைக்குத் தா" எண்டு மேசையில வைச்சிட்டுப் போயிட்டா. அண்டைக்கு இரவுதான் நானும் இவரும் முதல்தரமா இதைப்பற்றி இருந்து கதைச்சம். 2022இல சின்னவள் பிறந்த நேரம் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அந்த வருசம் விட்ட வேலைக்கு நான் திரும்பிப் போகேல்ல. ஒரு சம்பளத்தில நாலு பேர், கொழும்பு வாடகை.

இஞ்சை வறுக்க ஏலாது. ஒருக்கா பத்துச் செத்தல் மிளகாய் வறுத்ததுக்கே மாடி முழுக்க இருமினது. அதால வறுக்கிறது, அரைக்கிறது ஊரில, அடைக்கிறது விக்கிறது இஞ்சை. இதுதான் இப்போதைக்கு யோசனை, மாமியிட்ட இன்னும் சொல்லேல்ல.

ஆகஸ்ட் 9

வந்து சேந்திட்டம். பஸ் வெள்ளவத்தையிலயே வெளிக்கிடுறது பிள்ளையளோட போற ஆக்களுக்குப் பெரிய வசதி, சாப்பிட்டுக் கால் கழுவி ஏறினால் சரி. முறிகண்டியில நிப்பாட்ட நான் இறங்கி கற்பூரம் கொளுத்திப்போட்டு கச்சான் வாங்கினன், பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு முறிகண்டிக் கச்சான் வாங்காமல் ஏறினால் எனக்குப் பயணம் போனமாதிரியே இராது. ஆனையிறவு வர விடிஞ்சுகொண்டு வருது. ரெண்டு பக்கமும் தண்ணி, வெள்ளையா உப்பளம், மூத்தவன் யன்னலில மூக்கை ஒட்டிக்கொண்டு "அம்மா இவ்வளவும் நாங்கள் சாப்பிடுற உப்போ" எண்டான்.

மாமி படலையடியில நிண்டா. பிள்ளையள் என்னத் தாண்டி ஓடிப் போச்சுதுகள்.

ஆகஸ்ட் 11

இண்டைக்கு வறுப்பு. கையில காரம் இன்னும் எரியுது, எண்டாலும் இப்பவே எழுதாட்டி நாளைக்கு மறந்திடும்.

நேற்று இரவு இவர் மெதுவாக் கதையைத் தொடங்க மாமி ஒண்டும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு "காசுக்கு விக்கிறதெண்டால் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி வரோணும். என்னட்ட அளவு இல்லை, கைதான் இருக்கு" எண்டா. எனக்கும் அந்தப் பயம் இருந்ததாலதான் கொழும்பில இருந்து டிஜிட்டல் தராசைச் சேலைக்குள்ள சுத்திக் கொண்டு வந்தனான். மாமி மல்லியைச் சுண்டால அளப்பா, மிளகைச் சிறங்கையால அளப்பா, வெந்தயம் விரல் நுனியளவு. ஒவ்வொண்டையும் அவ எடுக்க எடுக்க நான் தராசில கொட்டி எழுதினன். மிளகு ஒரு சிறங்கையை மூண்டு தரம் எடுக்கச் சொன்னன், 51, 49, 50. அந்தக் கையை நான் பாத்துக்கொண்டே இருந்தன். நாப்பது வருசத்துப் பழக்கம்.

ஒரு கிலோ செத்தலுக்கு (காம்பு முறிச்சு, விதை கொட்டாமல், ரெண்டு நாள் வெயில்ல காய்ஞ்சது) வந்த கணக்கு: மல்லி 1 கிலோ 200, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 150, நற்சீரகம் 100, வெந்தயம் 50, மஞ்சள் 25, கறிவேப்பிலை ரெண்டு பெரிய நெட்டு. எழுதிப் போடலாமோ எண்டு மாமியிட்டக் கேட்டன், "போடு, சனம் நல்லதாச் சாப்பிடட்டும்" எண்டா.

ஆனா அளவை விடப் பெரிய விசயம் வறுக்கிறது. எல்லாத்தையும் ஒண்டாத் தாச்சியில போட்டால் வெந்தயம் கருகும் நேரம் மல்லி பச்சையாவே கிடக்கும். வெந்தயம் கருகினால் அந்தத் தூள் முழுக்கக் கைக்கும், பிறகு ஒண்டும் செய்யேலாது. ஒவ்வொண்டாத்தான் வறுக்கோணும். மல்லி பொன்னிறம் தாண்டி ஒரு சொட்டு மேல போகோணும், வாசம் வந்த உடனை இறக்கிச் சுளகில கொட்டோணும், தாச்சியிலயே விட்டால் அந்தச் சூட்டில மேலும் கருகும். செத்தல் கடைசி. பொச்சு நெருப்பு, மெல்லிய சூடு, கையால நொறுக்கினால் சத்தம் கேக்கோணும். கமறலில நான் ரெண்டு தரம் வெளியில ஓடினன், மாமி சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் விட்டு அசையேல்ல.

பின்னேரம் மில். முன்னால ஆரோ அரிசிமா அரைச்சிருந்தவை, அதால எங்கட செத்தலில ஒரு பிடியை முதல் ஓட்டி மெசினைத் துடைச்சு அதைப் புறம்பா எடுத்தம். சாமான் 10 கிலோ குடுத்து எடுத்த தூள் 9 கிலோ 100. காம்பும் ஈரமும் போறதை முதல் கணக்குப் பாக்காட்டி விலை பிழைச்சுப் போயிருக்கும். இரவு முழுக்க வெள்ளைத் துணியில பரவி ஆறவிட்டு விடியத்தான் கட்டோணுமாம்.

ஆகஸ்ட் 13

நயினாதீவு. பண்ணைப் பாலம், வாணர் பாலம் கடந்து குறிகாட்டுவானில வள்ளம் ஏறினம். சின்னவள் முழு வழியும் என்ர கழுத்தை விடேல்ல, திரும்பி வரேக்க தானே முன்னுக்குப் போய் இருந்திட்டாள். நாகபூசணி அம்மனிட்ட இந்தத் தூள் விசயத்தை நேர்ந்துகொண்டு வந்தனான்.

ஆகஸ்ட் 14

நல்லூர்த் திருவிழா. இவரும் மூத்தவனும் மேல்சட்டை கழட்டி வேட்டியோட, அவனுக்கு இதுதான் முதல் வேட்டி, அவிழுமெண்டு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டே வீதி சுத்தினான். கோயில் வாசல் மணல் அந்த வெயில்லயும் குளிர்ந்து கிடந்தது. பிறகு ஐஸ்கிரீம்.

ஆகஸ்ட் 15

வியாபாரப் பெயர் பதியிற அலுவல். செய்யிற இடம் ஊர் எண்டதால இஞ்சைதான் பதியோணும், கிராம சேவகரிட்டக் கையெழுத்து வாங்கி பிரதேச செயலகத்துக்கு இவர் போனார், நான் பிள்ளையளோட நிண்டன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்து வறுக்கிற கொட்டிலுக்கு வலை அடிக்கச் சொன்னார், நிலத்துக்குச் சீமெந்து பூசச் சொன்னார், நியாயம்தான். ஒழுங்கையில ஒடியல் காயவைக்கிற ரெண்டு அக்காமார் மாமியோட நிண்டு வறுக்கச் சம்மதிச்சினம். கிலோக்கணக்கில கூலி. மாமி சொன்ன ஒரே நிபந்தனை, தான் மணந்து பாக்காமல் ஒரு தாச்சியும் இறக்கக்கூடாது.

ஆகஸ்ட் 17

ரயில்ல திரும்பி வந்தம். மூத்தவன் மதவாச்சி வரைக்கும் அழுதான். நாளைக்குப் பள்ளிக்கூடம்.

ஆகஸ்ட் 24

முதல் பார்சல் இரவு பஸ்ஸில வந்தது, இவர் விடிய அஞ்சு மணிக்குக் காலி வீதியில போய் நிண்டு எடுத்துக்கொண்டு வந்தார். திறந்து பாத்தால் உள்பை வேர்த்து ஓரமெல்லாம் கட்டி. 6 கிலோ. மாமிக்குப் போன் எடுத்தன். அண்டைக்கு மில்லில சனம் கூடி அரைக்கப் பொழுதுபட்டுட்டுது, பஸ் போயிடும் எண்டு ஆற முதல் கட்டியிட்டினம். சூட்டோட கட்டினால் உள்ளுக்க ஆவி தண்ணியாகும், ஈரம் பட்ட தூளில பூஞ்சணம் பிடிக்கும். மாமி போனில அழுதா. "என்ர பேரை நானே கெடுத்துப்போட்டன் பிள்ளை" எண்டா. மாமி, ஒரு பை கூட வெளியில போகேல்ல, ஒருத்தரும் பேர் சொல்ல மாட்டினம் எண்டு சொன்னன், ஆனா எனக்கும் தொண்டை அடைச்சது. வெயில்ல காயவைச்சு வித்தால் ஆருக்குத் தெரியும் எண்டு ஒரு சொந்தக்காரர் சொன்னார். அதைத்தான் நான் எங்கட பிள்ளையளுக்குக் குடுப்பனோ? கொட்டினம். இனி அரைச்ச அண்டைக்கு பஸ் இல்லை, அடுத்தநாள்தான்.

செப்டெம்பர் 3

லேபிள் வந்திட்டுது. பேர், நிறை, உள்ள சாமான், செய்த திகதி, முடிவுத் திகதி, பட்ச் நம்பர், விலை, ஊர் முகவரி, மூண்டு மொழியிலயும் போட்டிருக்கு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கீழ்வீட்டுச் சிங்கள அன்ரிக்கு ருசி பாக்கக் குடுத்த தூளை அவ துனபஹ (சிங்கள ஆக்களின்ர கறித்தூள்) எண்டு நினைச்சு, அதோட மிளகாய்த்தூளும் போட்டுக் கறி வைச்சு, வீட்டில ஒருத்தருக்கும் வாயில வைக்க ஏலாமப் போச்சுதாம். அவையின்ர துனபஹவில செத்தல் சேராது, எங்கட தூளில மூண்டில ஒரு பங்குக்கு மேல செத்தல். அதால "மிளகாய் சேர்ந்தது, வேற போடத் தேவையில்லை" எண்டு சிங்களத்தில பெரிய எழுத்தில போட்டம். எழுத்துப் பிழை பாத்துத் தந்ததும் அவதான்.

செப்டெம்பர் 14

ரெண்டாவது பார்சல் நல்லா வந்தது. பிள்ளையள் படுத்த பிறகு நானும் இவரும் குசினி மேசையில இருந்து 250 கிராம் பைகள் 48 அடைச்சம், சீலர் சூடாகிச் சூடாகி நிக்குது, ஒரு மணியாச்சு. கடல் காத்துக்குத் தூள் ஈரம் இழுக்கும் எண்டு யன்னலைப் பூட்டிப்போட்டு இருந்ததில ரெண்டு பேரும் வேர்வையில தோஞ்சிட்டம். செலவெல்லாம் போக ஒரு பைக்கு 90 ரூபா அளவில நிக்குது. அதில அக்காமாற்ற கூலியைக் கூட்டோணும் எண்டு எனக்கு இருக்கு, இவர் ரெண்டு மாசம் பாப்பம் எண்டுறார். இதில இன்னும் முடிவில்லை.

36 பை போயிட்டுது. மேல்மாடி அன்ரி நாலு எடுத்தா, ஒண்டு லண்டனில மகளுக்காம்.

செப்டெம்பர் 20

விடிய மாமியின்ர போன். புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில இவர் வாங்கி அனுப்பின புதுச் செத்தல் நிறம் காணும், உறைப்புக் காணாதாம், ஒண்டை நாக்கில வைச்சுப் பாத்தவவாம். "மிளகை 20 கிராம் கூட்டு, உன்ர கொப்பியில எழுது" எண்டா. மாமி வாயால கிராம் எண்டு சொன்னது இதுதான் முதல்தரம். எழுதியிட்டன்.