வாயில்லா ஜீவன்

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த போன் பேச்சு ஒரு நிமிடம்கூட இருக்காது. சிக்னலுக்காக எங்கள் வேட்டை முகாமுக்கு, காம்புக்கு, பின்னால் இருக்கும் பாறை மேட்டில் ஏறி நின்று பேசினேன்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை வர முடியாது போல. ஒரு மான் அடிபட்டு ஓடிடுச்சு. அதைத் தேடாம விட்டுட்டு வரக் கூடாது."

"சரிப்பா. வாயில்லா ஜீவன். அதை முதல்ல பாரு."

திட்டியிருந்தால் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்களுக்கு வேட்டை சீசன். புல் காய்ந்து, மொப்பானே மரங்கள் இலை கொட்டி, மிருகங்கள் தண்ணீருக்கு இறங்கும் காலம். அந்த நாலு மாதச் சம்பாத்தியத்தில்தான் ஜனவரியில் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன். ஆடி மாதமும் அதற்குள்தான் வந்து விழுகிறது. டர்பனுக்குப் பக்கத்தில் டோங்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது ஆயா காலத்துப் பழக்கம். கேழ்வரகுக்குப் பதில் மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு. முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, இரும்புப் பானையில் விறகடுப்பில் காய்ச்சுவார்கள். பானையைத் தூக்கி இறக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும். அந்த வருஷம் நான் வருகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை, ஏற்பாடும் செய்திருந்தேன். வெளிநாட்டு வேட்டைக்காரரை லைசென்ஸ் உள்ள பி.எச்., அதாவது என்னைப் போன்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டி, இல்லாமல் காட்டுக்குள் அனுப்பக் கூடாது, அது சட்டம். அதனால் பக்கத்துக் காம்பில் இருந்த இன்னொரு பி.எச். சனிக்கிழமை காலை வந்து என்னிடம் இருந்த வேட்டைக்காரரை ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. நான் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கு எல்லையில் இருக்கும் முசினாவிலிருந்து கிளம்பினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ராத்திரிக்குள் வீடு.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குடூ மான் நின்றது. நல்ல கிடா, கொம்பு இரண்டு சுருள் முடிந்து நுனி வெளியே திரும்பியிருந்தது. என் வேட்டைக்காரர் சுட்ட தோட்டா ஒரு சாண் பின்னால் போய்விட்டது. முதுகைக் கூனிக்கொண்டு ஓடிய விதத்திலேயே எனக்கும் தடம் பார்க்கும் டிராக்கருக்கும் தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் ரத்தம் கொஞ்சம்தான், கறுப்பாக இருந்தது. கூடவே பச்சையாக அரைத்த தழை. வயிற்றில் பட்டிருக்கிறது. நெஞ்சில் பட்டிருந்தால் நுரை ரத்தம் இருக்கும், நூறு இருநூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். வயிற்றில் பட்டதை உடனே துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவைத்தால் எங்காவது படுக்கும். இருட்டும் வந்துவிட்டது. காலையில் பார்ப்போம் என்று திரும்பினோம். அப்போதுதான் அந்த போன்.

காலையில் அந்த பி.எச். சொன்னபடி வந்தார். "நீ கிளம்பு, நான் பார்த்துக்கிறேன்" என்றார். இல்லை, நான் முடித்துவிட்டே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அன்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. மான் எங்கே நின்றது, எப்படி ஓடியது என்று கண்ணால் பார்த்தவன் நான். என் கையின் கீழ் நடந்த சூடு, ஒரு மிருகம் ராத்திரி முழுக்க வேதனையில் கிடந்ததற்கு நான்தான் பொறுப்பு. இது நியாயம்தானே? இன்றைக்கும் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் டிராக்கரும் பார்த்தார். ஒடிந்த குச்சியையும் புரண்ட கல்லையும் வைத்து அவர் படிப்பதில் பாதி எனக்கு வராது. அவரும் அந்த பி.எச்.சும் போயிருந்தால் போதும்.

பதினோரு மணி வாக்கில் கிடைத்தது. ஒரு மொப்பானே அடியில் படுத்திருந்தது, தலை நிமிர்ந்தே இருந்தது. எங்கள் காலடிக்கு இரண்டு காதையும் திருப்பியது, எழ முயற்சி செய்யவில்லை. நான் முடித்தேன்.

சரி, முடித்தாயிற்று. மணி பதினொன்று. அப்போதே கிளம்பியிருந்தாலும் நள்ளிரவுக்குள் டோங்காட். கூழ் இறக்குவது மறுநாள் காலைதானே.

நான் கிளம்பவில்லை. போட்டோ எடுக்க வேண்டும், தோலுக்கு உப்புப் போட வேண்டும், காதையும் உதட்டையும் பிரித்து உப்பு ஏற்றாவிட்டால் முடி கொட்டிவிடும் என்றெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்குத் தோல் உரிப்பவர் இருக்கிறார். அசதி இருந்தது, உண்மை. ராத்திரி ரோட்டில் மாடு குறுக்கே வரும், அதுவும் உண்மை. ஆனால் அந்த மத்தியானம் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பானையை மைத்துனர் இறக்கினார். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மனைவி மட்டும் துணி மடித்துக்கொண்டே, "அம்மா சரின்னு சொன்னது உங்களுக்கு வசதியாப் போச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பதில் பேசவில்லை.

அப்பா சர்க்கரை ஆலையில் இருந்தார். அரவைக் காலத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தாலும் விடிந்தால் வாசலில் அவர் பூட்ஸ் இருக்கும், சாம்பலும் பாகு வாசனையுமாக. வேலை வேறு, வீடு வேறு என்று அவர் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அவரோடு என்னை ஒப்பிடுவது சரியில்லை, ஆலை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. இருந்தும் அந்த பூட்ஸ் ஞாபகத்துக்கு வருகிறது.

வேட்டையை விட்டுவிடு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் விடப்போவதில்லை. அடிபட்டதைக் கைவிடக் கூடாது என்பதை இன்றைக்கும் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போது அம்மாவின் குரல் கேட்கிறது. வாயில்லா ஜீவன் என்று அவள் மானைத்தான் சொன்னாள். எத்தனையோ முறை கேட்டுப்பார்த்துவிட்டேன், மானைத்தான்.

இந்த வருஷ புக்கிங் போன வாரம் வந்தது. ஜூலை கடைசியும் ஆகஸ்ட் முதல் பாதியும் நிரம்பியிருக்கிறது. அம்மா நேற்று போன் பண்ணினாள். "ஆடியில எந்த ஞாயித்துக்கிழமை வைக்கட்டும்? நீயே பாத்துச் சொல்லு" என்றாள். காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காலண்டர் முன்னாலேயேதான் இருந்தது.