வீட்டு இயங்குதளம்: ஜூன் குறிப்புகள்

2025 ஜூன் 7, சனி

நானே எழுதிவரும் இயங்குதளத்தின் முதல் எழுத்து திரையில் வந்துவிட்டது. 512 பைட் பூட் செக்டர் (கணினி தொடங்கும்போது வட்டிலிருந்து முதலில் படிக்கும் பகுதி). அதன் கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ (16-அடிமான எண்கள்). அந்த முத்திரையைப் பார்த்தால்தான் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) அதை நம்பி, 7சி00 முகவரியில் ஏற்றி ஓடவிடும். கியூஎமுவில் (கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஓட்டியதும் கறுப்புத் திரையில் ஒரு ஆங்கில ‘கே’. தமிழ் ‘க’ போடத்தான் ஆசை. ஆனால் பயாஸ் வைத்திருக்கும் 256 எழுத்துகளில் தமிழுக்கு இடமில்லை. கிராஃபிக்ஸுக்குப் போய் நாமே புள்ளி புள்ளியாக வரைந்தால்தான் உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

செயலியை ‘புரொடெக்டட் மோடு’ என்ற 32 பிட் நிலைக்கு மாற்றியாயிற்று. இனி பயாஸைக் கூப்பிட முடியாது. திரைக்கான நினைவகம் இருக்கும் பி8000 முகவரியில் நேரடியாக எழுதுகிறேன்: எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். பச்சை நிறம், சும்மாதான்.

ஜூன் 14, சனி

இன்று முழுக்க டைமர்தான். இன்டரப்ட்டை (செயலியின் வேலையை இடைமறித்துக் கூப்பிடும் சைகை) திறந்துவிட்ட மறுநொடியே ‘டபுள் ஃபால்ட்’ (ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொரு பிழை) என்று கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நின்றுவிடுகிறது. நிஜக் கணினியாக இருந்தால் அந்தச் செய்தியை நம்பி ஸ்டாக்கையும் (தற்காலிக நினைவக அடுக்கு) ஜிடிடியையும் (நினைவகப் பகுதிகளின் அட்டவணை) தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கியூஎமுவில் இன்டரப்ட் பதிவைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு: வந்தது எண் 8, ஆனால் அனுப்பியது ஹார்ட்வேர். ஃபால்ட்டே கிடையாது!

1981 ஐபிஎம் பிசியில் டைமருக்கு 8 என்ற இன்டரப்ட் எண்ணைக் கொடுத்தார்கள். முதல் 32 எண்களை இன்டெல் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தும் அப்படிச் செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்டெல் 286 செயலியில் அதே 8 டபுள் ஃபால்ட் ஆனது. இன்று எழுதும் கர்னலும் அந்தக் கணக்கைத் தீர்த்துத்தான் ஆக வேண்டும். ஹார்ட்வேர் இன்டரப்ட்டுகளுக்கு எண் கொடுக்கும் 8259 சிப்பிடம் 32-இலிருந்து எண்ணச் சொன்னேன், அடங்கியது. (வேகம் வேண்டுமென்று கேவிஎம் (நிஜச் செயலியிலேயே நேரடியாக ஓட்டும் வசதி) போட்டால் இந்தப் பதிவு வராது. அதனால் இப்போதைக்கு மெதுவாகவே ஓடட்டும்.)

ஜூன் 15, ஞாயிறு

டைமரின் 1193182 ஹெர்ட்ஸை 11932-ஆல் வகுத்ததில் நொடிக்கு 100 டிக். சரி, அடுத்து ஒரு முன்னெச்சரிக்கை. கியூஎமு நினைவகத்தைப் பூஜ்யமாகத் துடைத்தே தருகிறது; நிஜக் கணினியில் என்ன குப்பை கிடக்குமோ. பழைய லேப்டாப்பில் ஏற்றும் நாளுக்காக, பிஎஸ்எஸ் பகுதியை (பூஜ்யத்தில் தொடங்க வேண்டிய மாறிகள் இருக்கும் இடம்) கர்னலே துடைக்கும்படி எழுதிவிட்டேன்.

அப்புறம் கீபோர்டு. ‘ஏ’ விசையை அழுத்தினால் வரும் எண் 30, விட்டால் 158. ஷிஃப்ட்டுக்குத் தனி அட்டவணை வேண்டும். அது அடுத்த வாரம்.