எஸ்இஓ படிக்கப் போறீங்களா, நான் படிச்ச விதத்த சொல்றேன்

கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான், ஏஐ வந்துடுச்சே, இனிமே எஸ்இஓ (நம்ம பேஜ கூகுள் தேடல்ல மேல வர வைக்கற வேலை) படிக்கலாமா, படிச்சா வேலை இருக்குமா. தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதனால நான் எப்படி படிச்சேன், அதுல எது வீணா போச்சு, எது இன்னைக்கு வரைக்கும் சோறு போடுதுன்னு மொத்தமா எழுதிடறேன். தாராளமா படிங்க. ஆனா நான் முதல்ல படிச்ச மாதிரி படிக்காதீங்க.

நான் ஆரம்பிச்சது 2015ல. மூணு மாச கோர்ஸ், நோட்ஸ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வெச்சிருந்தேன், அவ்வளவு ஆசை. அதுல மெட்டா கீவேர்ட்ஸ் டேகுக்குன்னே (பேஜ் எதப் பத்தின்னு கோட்ல மறைச்சு எழுதற வார்த்தை லிஸ்ட்) ஒரு முழு கிளாஸ் எடுத்தாங்க. அந்த டேக ரேங்கிங்குக்கு எடுத்துக்கறதே இல்லன்னு கூகுள் 2009 செப்டம்பர்லயே வெளிப்படையா சொல்லியாச்சு, ஆறு வருஷம் கழிச்சு நான் அத மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன். தேடற வார்த்தை பேஜ்ல இத்தனை சதவீதம் வரணும்னு கீவேர்ட் டென்சிட்டி கணக்கு, நம்ம சைட்டோட லிங்க சேக்கற டைரக்டரி சப்மிஷனுக்கு ஒரு நீள லிஸ்ட், கடைசில டிக் அடிக்கற மாதிரி ஒரு எக்ஸாம். நல்ல மார்க் வந்துச்சு. சர்டிபிகேட்ட கையில வெச்சுக்கிட்டு நேரா இன்டர்வியூக்கு போனேன்.

அங்க உக்காந்திருந்த சீனியர் அக்கா என் சர்டிபிகேட்ட திரும்பிக்கூட பாக்கல. ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஒரு பேஜ் போட்டு ஒரு மாசம் ஆச்சு, கூகுள்ல தேடினா வரவே மாட்டேங்குது. நீ முதல்ல எங்க பாப்ப?" நான் யோசிக்காம "பேக்லிங்க் பத்தலன்னு நெனைக்கறேன்"னு சொல்லிட்டேன், அதாவது வேற சைட்டுலேருந்து நம்ம பேஜுக்கு வர்ற லிங்க். "சரி, அந்த பேஜ் இருக்கறதே கூகுளுக்கு தெரியுமான்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. வேலை கிடைக்கல. ஆனா கிளம்பறப்ப, அந்த நோட்ஸ ஓரமா வெச்சுட்டு கூகுளோட சொந்த டாக்குமெண்டேஷன முதல் பக்கத்துலேருந்து படின்னு சொல்லி அனுப்பினாங்க, இத்தனை வருஷத்துல எனக்கு கிடைச்ச பாடத்துல அதுதான் பெருசு.

அவங்க கேள்விக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அத படிச்சப்பதான் பிடிபட்டுச்சு. ஒரு பேஜ் தேடல்ல வந்து ஒருத்தர் க்ளிக் பண்றதுக்கு முன்னாடி வரிசையா சில வேலை நடக்கணும். முதல்ல அந்த யூஆர்எல் இருக்குன்னு கூகுளுக்கு தெரியணும், அது வேற பேஜ்ல இருக்கற லிங்க் வழியா தெரியலாம், சைட்மேப் (சைட்ல இருக்கற யூஆர்எல் லிஸ்ட்) வழியா தெரியலாம். அப்புறம் கூகுள்பாட், அதாவது பேஜ எடுக்கற கூகுளோட ப்ரோக்ராம், வந்து எடுக்கணும், ஜாவாஸ்கிரிப்ட் இருந்தா அத ஓட்டி ரெண்டர் பண்ணணும் (பேஜ முழுசா உருவாக்கிப் பாக்கறது), இது வெச்சுக்கற அளவுக்கு உருப்படியா, இல்ல இன்னொரு பேஜோட காப்பியான்னு பாத்து இண்டெக்ஸ்ல, அதாவது கூகுளோட பேஜ் பட்டியல்ல, சேக்கணும், அதுக்கு அப்புறம்தான் ரேங்கிங், அதுக்கும் அப்புறம்தான் க்ளிக். எந்த இடத்துல அறுந்துருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம தொழில். அறுந்தது இண்டெக்ஸ்ல, நாம ஒட்டு போடறது பேக்லிங்க்ல, இதுதான் நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு.

நானும் அதையே பண்ணியிருக்கேன். ஒரு சைட்டு டிசைன் மாத்தி புதுசா லாஞ்ச் பண்ணாங்க, பத்து நாள்ல ட்ராஃபிக் சரசரன்னு இறங்குது. அதே வாரம் கூகுளோட கோர் அப்டேட் (ரேங்கிங் முறைல பண்ற பெரிய மாற்றம்) ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அதனால மேனேஜர்லேருந்து எல்லாரும் அப்டேட்தான் காரணம்னு முடிவு பண்ணிட்டாங்க, நானும் தலையாட்டிட்டு ரெண்டு நாள் உக்காந்து டைட்டில் எல்லாத்தையும் மாத்தி எழுதினேன். மூணாவது நாள் ஏதோ தோணி சர்ச் கன்சோல்ல (நம்ம சைட்ட கூகுள் எப்படி பாக்குதுன்னு காட்டற அவங்க டூல்) ஒரே ஒரு யூஆர்எல்ல இன்ஸ்பெக்ட் பண்ணினா, நோஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸ்ல சேக்காதங்கற குறிப்பு, இருக்கறதால சேக்கலன்னு சொல்லுது. பேஜோட சோர்ஸ திறந்து தேடறேன், நோஇண்டெக்ஸ்ங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. கன்சோல்தான் பழைய விஷயத்த காட்டுதோன்னு விடப் பாத்தேன். அப்புறம் ப்ரவுசர்ல டெவலப்பர் டூல்ஸ திறந்து, நெட்வொர்க் டேப் போயி, பேஜ ரீலோட் பண்ணி, முதல் வரிய க்ளிக் பண்ணி ரெஸ்பான்ஸ் ஹெட்டர்ஸ (பேஜோட சேத்து சர்வர் அனுப்பற தகவல் வரிங்க) ஒவ்வொரு வரியா படிச்சுட்டே வந்தேன். இருந்துச்சு. எக்ஸ் ரோபோட்ஸ் டேக், நோஇண்டெக்ஸ். டெஸ்டிங் சர்வர்ல போட்டு வெச்ச செட்டிங்க அப்படியே லைவ் சர்வருக்கும் காப்பி பண்ணிட்டாங்க. ஹெட்டர்ல இருக்கறது எச்டிஎம்எல்ல தெரியாது. எடுக்க வேண்டியது ஒரே ஒரு வரி, எடுத்தப்புறம் பேஜெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வர வாரக்கணக்கு ஆச்சு.

இத எந்த கோர்ஸும் எனக்கு சொல்லித் தரல, எந்த ஏஐயும் நான் அந்த ஹெட்டர எடுத்து காட்டாம சொல்லியிருக்காது. அதனாலதான் சொல்றேன், கண்ணால பாக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு வேலை போகாது.

இதோட இன்னொண்ணும் சேத்து படிச்சுக்கோங்க, பாட் எங்க போகலாம், எங்க போகக்கூடாதுன்னு சொல்ற ரோபோட்ஸ் ஃபைலும் நோஇண்டெக்ஸும் ஒண்ணு இல்ல. ரோபோட்ஸ்ல டிஸ்அலவ் போட்டா "உள்ள வராத"ன்னு அர்த்தம், நோஇண்டெக்ஸ்னா "வந்து பாரு, ஆனா சேக்காத"ன்னு அர்த்தம். ரெண்டையும் சேத்து போட்டா பாட் உள்ளயே வராது, அப்புறம் அந்த நோஇண்டெக்ஸ எப்படி படிக்கும்? வெளியேருந்து லிங்க் இருந்தா டிஸ்கிரிப்ஷன் இல்லாம வெறும் யூஆர்எல் மட்டும் ரிசல்ட்ல வந்து நிக்கும். இன்டர்வியூல இத கண்டிப்பா கேப்பாங்க.

அடுத்து அப்டேட்டுங்க. நிறைய பேர் தேதிய மனப்பாடம் பண்றாங்க, தேதி தெரிஞ்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல, ஒவ்வொண்ணும் எந்த ஓட்டைய அடைக்க வந்துச்சுன்னு பாருங்க. 2011ல பாண்டா வந்தது ஒப்புக்கு எழுதி குவிச்ச பேஜுகளுக்காக. 2012ல பெங்குவின், காசு குடுத்து வாங்கின லிங்குக்காக. 2015 ஏப்ரல் 21ல மொபைல் அப்டேட், அப்ப நான் கோர்ஸ்ல இருந்தேன், நோட்ஸ்ல அதப் பத்தி ஒரு வரி இல்ல. 2022 ஆகஸ்ட்ல ஹெல்ப்ஃபுல் கன்டென்ட், அத 2024 மார்ச்ல கோர் ரேங்கிங்குக்குள்ளயே சேத்துட்டாங்க, அதே மாசம் ஸ்பாம் பாலிசியையும் மாத்தி, ரேங்கிங்குக்காகவே மொத்தமா பேஜ் உற்பத்தி பண்றது ஸ்பாம்தான், அத மனுஷன் எழுதினாலும் சரி மெஷின் எழுதினாலும் சரின்னு சொல்லிட்டாங்க. வரிசையா வெச்சு பாத்தா புரியும், எல்லாமே ஒரே திசைல போகுது: படிக்கறவருக்காக இல்லாம மெஷினுக்காக நாம பண்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் கணக்கு தீக்கறாங்க.

எனக்கு அது உறைச்சது 2023 ஆகஸ்ட்ல. அதுக்கு முன்னாடி எங்க டீம்ல கண்ட பேஜுக்கெல்லாம் அடில நாலு கேள்வி பதில் எழுதி எஃப்ஏக்யூ ஸ்கீமா (இது கேள்வி பதில்னு கூகுளுக்கு சொல்ற கோட்) போடுவோம், ரிசல்ட்ல பெருசா இடம் பிடிக்கும்ல, அதுக்காக. கூகுள் அந்த டிஸ்ப்ளேய பேர்பெத்த அரசு சைட்டு, ஹெல்த் சைட்டுகளோட நிறுத்திக்கிட்டாங்க, நாங்க மாசக்கணக்கா பண்ண வேலை மொத்தமும் மதிப்பில்லாம போச்சு. அந்த கேள்வி பதில்ல யாருக்காவது நிஜமா உபயோகமா இருந்தது எத்தனைன்னு எண்ணிப் பாத்தேன், ரொம்ப கம்மி. அந்த நேரத்த நல்ல பேஜ் எழுத செலவு பண்ணியிருக்கலாம்னு இன்னும் வருத்தம் இருக்கு.

இப்ப ஏஐ விஷயத்துக்கு வர்றேன். 2024 மே மாசம் அமெரிக்காவுல ஏஐ ஓவர்வியூஸ், அதாவது ரிசல்ட்டுக்கு மேலயே கூகுள் ஏஐ தொகுத்து தர்ற பதில், வந்துச்சு, அப்புறம் மத்த நாடுகளுக்கும் போச்சு. சர்ச் கன்சோல்ல இது தனியா தெரியாது, வெப் சர்ச் கணக்குலயே கலந்துதான் வரும், அதனால நீங்களாதான் பிரிச்சு பாக்கணும். நான் பண்றது இதுதான்: ரெண்டு காலகட்டத்த கம்பேர் பண்ணி, க்வெரி (ஆளுங்க தேடின வார்த்தைங்க) டேப்ல இம்ப்ரெஷன் (ரிசல்ட்ல நாம தெரிஞ்ச தடவை) அப்படியே இருந்து, பொசிஷனும் அப்படியே இருந்து, க்ளிக் மட்டும் விழுந்திருக்கற க்வெரிகள தனியா எடுத்து வெச்சுக்குவேன். அதுல பெரும்பாலும் "அப்படின்னா என்ன" டைப் கேள்விங்கதான் இருக்கும். அதுக்கு பதில் மேலயே கிடைச்சுடுது, யாரும் கீழ வர்றதில்ல. இங்க ரேங்கிங் விழல, ஆனா விழுந்த மாதிரி நெனச்சு டைட்டில மாத்தி எழுதிட்டு இருப்பாங்க நிறைய பேர், அது வேலைக்காகாது. ஒவ்வொரு க்வெரியையும் கையால தேடிப் பாத்து மேல என்ன நிக்குதுன்னு எழுதி வெச்சுக்கோங்க, போரடிக்கும், ஆனாலும் பண்ணுங்க.

ஆவரேஜ் பொசிஷன மட்டும் பாத்து பயந்துடாதீங்க. ஒரு பேஜ் புதுசா இருபது க்வெரிக்கு அம்பதாவது அறுபதாவது எடத்துல தெரிய ஆரம்பிச்சா ஆவரேஜ் மோசமாதான் காட்டும், ஆனா அது நல்ல சேதி.

சரி, க்ளிக் போனா என்ன பண்றதுன்னு கேட்டா, மெஷின் தொகுத்து சொல்ல முடியாதத எழுதணும். லேப்டாப் ஃபேன் சத்தம் போடுதுன்னு எங்ககிட்ட ஒரு பேஜ் இருந்துச்சு, ஆறு காரணம், ஆறு தீர்வு, எல்லா சைட்லயும் இருக்கறதேதான். அத நாங்க தூக்கிட்டு, ஒரு பழைய லேப்டாப்ப நிஜமாவே கழட்டினோம். ஹீட்சிங்க்கும் ஃபேனும் சேர்ற எடத்துல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கெடந்தத ஃபோட்டோ எடுத்தோம், தூசி அடைச்சா காத்து இரைச்சல்தான் கேக்கும், பேரிங் தேஞ்சா கரகரன்னு உரசற சத்தம் கேக்கும்னு ரெண்டையும் ரெக்கார்ட் பண்ணி போட்டோம், எந்த ஸ்க்ரூ நீளம் எந்த ஸ்க்ரூ குட்டைன்னுகூட எழுதினோம். அந்த பேஜ பாத்து கழட்டி சரி பண்ணோம்னு ஆளுங்க எங்களுக்கு எழுத ஆரம்பிச்சாங்க, பழைய பேஜுக்கு அப்படி ஒருத்தர்கூட எழுதினதில்ல. 2022 டிசம்பர்ல கூகுளோட குவாலிட்டி ரேட்டர் கைட்லைன்ஸ்ல (ரிசல்ட்ட மதிப்பிடற ஆளுங்களுக்கான கையேடு), நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மைங்கற ஈஏடியோட அனுபவம்னு ஒரு இ சேத்து ஈஈஏடி ஆக்கினாங்கல்ல, அத நான் புரிஞ்சுக்கிட்டது அந்த லேப்டாப் மேஜைலதான். அது நேரடி ரேங்கிங் ஸ்கோர் இல்ல, அப்படி யாராவது வித்தா வாங்காதீங்க, ஆனா அந்த பிடிஎஃப ஒரு தடவையாவது முழுசா படிங்க, பெருசுதான், பரவால்ல.

டெக்னிகல் பக்கம் ரெண்டு விஷயம் மட்டும். கூகுள் எக்ஸ்டெண்டட (ஏஐ பயிற்சிக்கு நம்ம பேஜ எடுக்காதன்னு சொல்றதுக்கான பேர்) ரோபோட்ஸ்ல தடுத்தா ஏஐ ஓவர்வியூஸ்லேருந்து வெளிய வந்துடலாம்னு ஒரு நம்பிக்கை சுத்துது, அது தப்பு, ஓவர்வியூஸ் தேடல் சம்பந்தப்பட்ட ஃபீச்சர்ங்கறதால சாதாரண கூகுள்பாட் எடுக்கறதுலேருந்துதான் வருது. அப்புறம் கோர் வெப் வைட்டல்ஸ், அதாவது பேஜ் யூசருக்கு எப்படி ஓடுதுங்கற அளவுங்க: எல்சிபி (பேஜோட பெரிய பகுதி தெரிய ஆகற நேரம்) 2.5 செகண்டுக்குள்ள, ஐஎன்பி (தட்டினா பேஜ் பதில் தர ஆகற நேரம்) 200 மில்லிசெகண்டுக்குள்ள, சிஎல்எஸ் (பேஜ் திடீர்னு நகர்ற அளவு) 0.1க்குள்ள. எஃப்ஐடிங்கற பழைய அளவுக்கு பதிலா ஐஎன்பி வந்தது 2024 மார்ச்ல, பழைய நோட்ஸ்ல எஃப்ஐடினு இருந்தா அடிச்சுடுங்க. லைட்ஹவுஸ்ங்கற டெஸ்ட் டூல்ல நூறுக்கு நூறு வாங்க மண்டைய ஒடச்சுக்காதீங்க, நிஜ யூசர்களோட டேட்டாதான் கணக்கு.

பயிற்சிக்கு சொந்தமா ஒரு சின்ன சைட்டு கட்டாயம் வேணும், இத விட்டுக்குடுக்கவே மாட்டேன். உங்களுக்கு நிஜமா தெரிஞ்ச விஷயத்துல ஒரு முப்பது பேஜ் போதும். வேணும்னே ஒரு பேஜுக்கு நோஇண்டெக்ஸ் போட்டு எத்தனை நாள்ல மறையுதுன்னு பாருங்க, கனானிகல (இதுதான் ஒரிஜினல் பேஜ்னு சொல்ற டேக்) வேற பேஜுக்கு திருப்பிப் பாருங்க, ஒரு பேஜோட உள் லிங்க் எல்லாத்தையும் எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒரு சமயத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. ஒரு நோட்டு வெச்சு தேதி, மாத்தினது, ஏன் மாத்தினேன், என்ன எதிர்பாக்கறேன், நாலு வாரம் கழிச்சு என்ன ஆச்சுன்னு எழுதுங்க. "என்ன எதிர்பாக்கறேன்"ங்கற வரிய முன்னாடியே எழுதணும், இல்லன்னா எது நடந்தாலும் நாம நெனச்சதுதான் நடந்துச்சுன்னு மனசு சொல்லிடும்.

டேட்டாவ சேமிச்சு வைங்க. சர்ச் கன்சோல் 16 மாசம்தான் வெச்சிருக்கும். 2023 ஜூலை 1ல கூகுளோட பழைய ட்ராஃபிக் கணக்கு டூலான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நின்னப்ப வருஷக்கணக்கான கணக்க எடுத்து வைக்காம தொலைச்சவங்கள எனக்கு தெரியும், பாவமா இருந்துச்சு.

வேலைல சேந்தப்புறம் வர்ற பெரிய சோதனை, முதல் எடம் வாங்கித் தர்றேன்னு வாக்கு குடுக்க சொல்வாங்க. குடுக்காதீங்க. அத யாராலயும் உறுதி சொல்ல முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்காங்க, அந்த பேஜ கிளையண்டுக்கு காட்டிட்டு, என்னால என்னென்ன செய்ய முடியும், அது தெரிய எத்தனை மாசம் ஆகும்னு சொல்லுங்க. அதனால எனக்கு ஒரு ரெண்டு கிளையண்ட் போயிருக்காங்க, இருக்கறவங்க வருஷக்கணக்கா இருக்காங்க.

இன்டர்வியூக்கு போறவங்க சர்டிபிகேட்ட ரெஸ்யூம்ல கடைசி வரிக்கு தள்ளிட்டு, உங்க சைட்ல நடந்த ரெண்டு விஷயத்த ஸ்க்ரீன்ஷாட்டோட கொண்டு போங்க, அதுல ஒண்ணு சொதப்பினதா இருக்கட்டும், எங்க அறுந்துச்சு, எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு நோட்ட திறந்து காட்டுங்க. இப்ப ஆள் எடுக்கற எடத்துல நான் உக்காந்திருக்கேன், அந்த அக்கா கேட்ட கேள்வியதான் நானும் கேக்கறேன். "யூஆர்எல் என்னங்க? கன்சோல் ஆக்சஸ் இருக்கா?"ன்னு யாராவது திருப்பி கேட்டா, அவங்கள இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சு பேசுவேன்.